கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஓடியவன்

எனக்கு ஓடுவது பிடிக்காது. பேருந்து கிளம்பிவிட்டால் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் போகமாட்டேன். அடுத்ததில் உட்கார இடம் கிடைக்கும் என்று நின்றுவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நீங்கள் கேட்கப்போவது முழுக்க ஓட்டத்தைப் பற்றித்தான்.

ஓடியது என் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். டாக்டர் மாத்திரையைக் குறைத்ததால்தான் அவன் போய்ச்சேர்ந்தான் என்று அண்ணி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டரின் வேலை போய்விடும் என்று பேச்சு. நல்ல மனிதர் அவர். அவர்மேல் தவறில்லை. அதைச் சொல்லத்தான் இந்த விசாரணைக்கு நானாகவே வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்களுடையது கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற கடை. வருகிறவர்களிடம் அண்ணன் பேசுவான், சிரிக்கவைப்பான், அளவு எடுப்பான். அறுப்பது நான். கண்ணாடியில் கோடு இழுக்கும்போது கை பதறக் கூடாது. மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். வருடக்கணக்காக அதையே செய்து எனக்குப் பதற்றம் என்பதே மறந்துபோயிற்று. பக்கத்துக் கடைத் தையல்காரர் என்னை ‘ஐஸ் பெட்டி’ என்பார்.

அண்ணன் சின்ன வயதிலிருந்தே ஓடுகிறவன். பள்ளியில் அவன் ஜெயித்த பந்தயங்களில் எல்லாம் அவன் செருப்பைக் காத்தவன் நான். பிற்பாடு அந்தக் கடிகாரத்தை வாங்கினான். ஓடிய தூரம், வேகம், நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் சொல்லும் கடிகாரம். அதோடு அவன் ஓட்டத்தின் சந்தோஷம் போயிற்று. வாசல்வரை வந்துவிட்டு, தூரம் கொஞ்சம் குறைகிறது என்று குப்பைத்தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். காலையில் அண்ணி, “ராத்திரி நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டால் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

பிறகு அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து தேறியபின், மெதுவாக ஓடலாம், ஆனால் கடிகாரம் கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் நிபந்தனை போட்டார். துடிப்பு எல்லை தாண்டினால் அண்ணியின் போன் அலறும். அண்ணி உடனே இவனைக் கூப்பிட்டு, “நடங்க” என்பார். ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களுக்கும் இது பழகிவிட்டது. இவன் போன் அடித்தால் நாலு பேர் சேர்ந்து, “தலைவரே, வீட்டம்மா உத்தரவு, நடங்க” என்று குரல் கொடுப்பார்கள். அண்ணனும் சிரிப்பான். கடைக்கு வந்தபின் என்னிடம், “நாய்க்குக் கட்டுற சங்கிலிகூட இதைவிட நீளம்டா” என்பான்.

ஒருநாள் கடிகாரத்தைச் சார்ஜில் மாட்டியது மாட்டியபடி விட்டுவிட்டு ஓடப்போய்விட்டான். வெகுநேரம் கழித்துத் திரும்பினான். சட்டை தோளில் கிடந்தது. முழங்காலில் சேறு. முகம், கழுவித் துடைத்த கண்ணாடிபோல இருந்தது.

“எவ்வளவு தூரம் போனீங்க?” என்றார் அண்ணி.

“யாருக்குத் தெரியும்? ஒரு நாய்கூடப் பந்தயம் வச்சேன். அதுதான் ஜெயிச்சுது.”

அண்ணி திட்டித் தீர்த்துவிட்டார். அண்ணன் குழாயடியில் காலைக் கழுவியபடி, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் பாடி நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

யோசனை என்னுடையது. அண்ணன் கேட்கவில்லை. மறுநாள் காலை அவன் கடிகாரத்தையும் போனையும் வாங்கி, கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டேன். “அண்ணே, நீ மேட்டுப் பாதையில இஷ்டத்துக்கு ஓடு. நான் ஏரியைச் சைக்கிள்ல சுத்துறேன். நீ ஓடுற வேகத்துக்கு மிதிச்சாப் போதும்.”

“உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா?”

“தெரியாது. எனக்கு எப்ப நெஞ்சு படபடத்திருக்கு?”

அவன் நெடுநேரம் சிரித்தான். பிறகு ஓடினான். ஓட்டத்தை ரசிக்கத் தெரியாத எனக்கே அது பார்க்க நன்றாக இருந்தது. பாதி மேட்டில் நின்று வானத்தைப் பார்ப்பான். யார் வீட்டுக் குழாயிலோ தண்ணீர் குடிப்பான். சரிவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்குவான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருவரும் சந்திப்போம். அவன் மணிக்கட்டில் கடிகாரத்தை மாட்டிவிட்டு நான் கடை திறக்கப் போவேன். தினமும் இப்படித்தான். ஒரு மனிதனுக்குத் தொலைந்துபோன சந்தோஷத்தை மீட்டுக் கொடுப்பது குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கடிகாரத்தில் வந்த துடிப்புக் கோடு அழகாக இருந்தது. ஓட்டத்தின் வேகத்தில் போகிற, உட்கார்ந்திருக்கிறவனைப் போலத் துடிக்கிற இதயம். அண்ணி அந்தப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அண்ணனின் ஓட்டக்காரக் கூட்டாளிகள், “தலைவா, என்னா கன்ட்ரோல்” என்று எழுதினார்கள். மதியம் கடையில் ஆள் இல்லாதபோது அண்ணனின் போனை வாங்கி அவற்றை வாசிப்பேன். சிலவற்றை இரண்டுமுறை வாசித்ததுண்டு.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். மற்ற சோதனைகள் இரண்டுங்கெட்டானாக இருந்தன. டாக்டர் யோசித்தார். பிறகு தினசரிக் கோடுகளைத் திரையில் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்னங்க இது, இருபத்தஞ்சு வயசுப் பையன் இதயம் மாதிரி இருக்கு. எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கேன், இவ்வளவு நிதானமா ஒண்ணு பார்த்ததில்ல. மாத்திரையைப் பாதியாக் குறைச்சுப் பார்க்கலாம்.”

மேசைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தான். சொல்லிவிடு என்று அர்த்தம். நான் டாக்டரைப் பார்த்து, “இன்னும்கூட நல்லாயிடும் டாக்டர்” என்றேன். அவர் இன்னொரு தடவை அந்தக் கோட்டைப் பாராட்டினார்.

படி இறங்கும்போது அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “டேய், திரும்பிப் போய்ச் சொல்லிடலாம்டா. மாத்திரை விளையாட்டில்ல.”

“சொன்னா நாளையிலேர்ந்து மறுபடி சங்கிலிதான். பரவாயில்லையா?”

“உசிரு போச்சுன்னா?”

“இவ்வளவு சந்தோஷமா ஓடுற உனக்கு என்ன வரப்போவுது?”

அவன் என்னையே பார்த்தான். “சரி, ஐஸ் பெட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தோளில் தட்டினான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவனை நான் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விதான் கேட்டேன்.

கடைசி நாள் காலையும் மற்ற நாட்களைப்போலத்தான் தொடங்கியது. காலணிக் கயிற்றைக் கட்டியபடி அண்ணன், “இன்னைக்கு உச்சிவரைக்கும் நிக்காமப் போறேன் பாரு” என்றான். போய்வா என்றேன். நான் ஏரியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

மேட்டுப் பாதை ஏரிச் சாலையில் வந்து சேருகிற வளைவில் கூட்டம் நின்றது. ஒரு வேன் குறுக்கே நின்றிருந்தது. யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலுடன் ஓடினார். நின்றவர்களின் கால்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறக் காலணி ஒன்று தெரிந்தது. அண்ணனும் அந்த நிறத்தில் வைத்திருந்தான். ஊரில் வேறு பலரும் வைத்திருக்கலாம்.

இறங்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்திருந்தால் என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியிருக்கும். துள்ளினால் அண்ணியின் போன் அலறும். வீட்டில் தனியாக இருக்கிறவர், பயந்துபோவார். அதனால் மூச்சை மெல்ல விட்டபடி அந்த வளைவைக் கடந்தேன். பாதியில் நிறுத்தினால் கோடு அறுந்துவிடும். அதனால் இன்னொரு சுற்றும் போனேன். திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது, வேனும் போய்விட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சநேரம் காத்திருந்தேன். நடக்க வருகிற ஒருவர் தேடி வந்து, அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததையும் அந்த வேனில் ஏற்றிக்கொண்டு போனதையும் சொன்னார். மருத்துவமனையில் அவனுடைய துணிகளோடு கடிகாரத்தையும் சேர்த்து வைத்தது நான்தான். டாக்டர் கேள்விப்பட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

விழுந்த மனிதனின் கடிகாரம் அதற்குப் பிறகும் அரைமணி நேரம் எப்படித் துடிப்பைக் காட்டியது என்றுதானே நீங்கள் எல்லோரும் குழம்புகிறீர்கள். அது நான். எல்லா நாளும் நான்தான்.

அந்தக் காலைக் கோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எங்கேயும் ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. அண்ணனுக்கு அவ்வளவு நல்ல இதயம் ஒருநாளும் இருந்ததில்லை.