மூன்று தாழ்ப்பாள் கதவு

"ஒரே ஒரு கதவு கேட்டேன்! புதுசா, ஒரே ஒரு கதவு!"

"இது கதவு இல்லாம வேற என்னவாம்? தேக்கு மரம்டி! மூணு தாழ்ப்பாள் இருக்கு!"

"மூணும் ஒரே பக்கம் இருக்கு. இன்னொரு பக்கம் கைப்பிடிகூட இல்லை. எந்த வீட்டுல இப்படிக் கதவு வைப்பாங்க?"

இரவு பத்து மணி. கடைசி விளக்கும் எரியாத தெருமுனை. அங்கிருந்து இந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டதாம். கத்தியது என் தோழியின் நாத்தனார், தையல்காரி. திருப்பிக் கத்தியது அவள் புருஷன். தெருவில் அவனுக்குப் 'பழசு' என்று பெயர். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயர் சும்மா வரவில்லை. அந்த வீட்டில் ஆணிகூடப் புதிது கிடையாது. வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி அடித்திருந்தான். ஹாலுக்கு, ஓடாத பஸ்ஸிலிருந்து கழற்றிய கண்ணாடி ஜன்னல். தரையில், மிச்சம் மீதி டைல்ஸ். ஒன்றைப் போல் ஒன்று இல்லை, குனிந்து பார்த்தபடி நடந்தால் தலை சுற்றும். குளியலறைக் கதவு ஏதோ பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. 'டாக்டர் உள்ளே இருக்கிறார்' என்ற எழுத்தை அவன் அழிக்கவேயில்லை. போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பொய் சொல்லக் கூடாது, வீடு கெட்டியாகத்தான் இருந்தது. அவளும் வெட்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் திரை தைத்து மாட்டினாள். படுக்கையறைக் கதவு மட்டும் பாக்கி. அது ஒன்றாவது புதிதாக இருக்கட்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றாள்.

அவன் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையிலிருந்து இதைத் தூக்கி வந்தான். தாழ்ப்பாள்கள் அறைக்குள் வரும்படி மாட்டினான். ஹாலைப் பார்த்த பக்கத்தில் பெயிண்ட் தடிதடியாக இருந்தது. சுரண்டினான். அடியில்... முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு வரை, மரத்தில் கோடு கோடாகப் பள்ளம்.

"எலி" என்றான். மரத்தூளையும் கோந்தையும் குழைத்து அப்பி, வழவழவென்று தேய்த்தும் விட்டான்.

காலையில் அப்பியதெல்லாம் உதிர்ந்து கதவடியில் குவிந்து கிடந்தது.

மறுபடி அப்பினான். மறுபடி குவியல். கோந்து சரியில்லை என்றான், ஈரக்காற்று என்றான். ராத்திரியில் விழித்துக் கிடந்தவள் அவள்தானே... அவளுக்குக் கேட்டது. சர்ர்... சர்ர்... அப்புறம் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடி சர்ர்... கூடவே, வெகுநாள் திறக்காத அறையின் வாடை. புருஷனை உலுக்கினால், "நாளைக்கு வேற கோந்து போடறேன்" என்று திரும்பிப் படுப்பான். அவள் கோந்தைப் பற்றியா கேட்டாள்?

தூக்கம் கெட்டதில் அளவெல்லாம் தப்பிப்போனது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று ரவிக்கைகள் திரும்பி வந்தன. பாவம், தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியும் வைத்தாள்: "ராத்திரி எங்க வீட்டுல சுரண்டுற சத்தமோ தட்டுற சத்தமோ கேட்டா, அது நாங்க இல்லை. யாரும் எட்டிப் பாக்காதீங்க. குரலும் குடுத்துடாதீங்க."

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன சண்டை. கோபத்தில் பழசு அந்நேரத்துக்குத் திருப்புளியை எடுத்துக் கதவைக் கழற்றினான். திருப்பி மாட்டினான். கோடு விழுந்த பக்கம் அறைக்குள் வந்தது.

"இப்ப சரியா? உதிர்ந்தா நம்ம கண்ணுல மட்டும்தான் படும். வர்றவங்களுக்குத் தெரியாது."

"தாழ்ப்பாள் மூணும் வெளியே போயிடுச்சே?"

"நம்ம வீட்டுல நம்மளை யாருடி பூட்டப் போறா?"

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் படுத்தார்கள்.

கொஞ்ச நேரம்தான்... மேல் தாழ்ப்பாள். கிறீச். நடுத் தாழ்ப்பாள். கிறீச். கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிய வேண்டுமல்லவா? குனிகிறபோது முழங்கால் மூட்டு சொடுக்கிய சத்தம்கூடக் கேட்டதாம். படக். அப்புறம், கிறீச்.

இரண்டு பேரும் எழுந்து கதவைத் தட்டினார்கள், இடித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். அறை ஜன்னலிலோ கம்பி. தெரு முழுக்கக் கேட்டது. ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. அவள் சொல்லி வைத்தபடியே எல்லோரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். "ஐயோ, இன்னிக்கு அவ புருஷன் குரல்லயும் பேசுது!" என்றாளாம் எதிர் வீட்டுக்காரி.

விடிந்த பிறகு, குட்டைக் கை ரவிக்கையோடு சண்டைக்கு வந்த ஒருத்தி, கூப்பிட்டுப் பார்த்து அலுத்து, பஸ் ஜன்னலை இழுத்துத் திறந்து ஏறிக் குதித்தாள். வாசல் கதவு உள்பக்கம் பூட்டியபடியே இருந்தது. ஹாலில் யாரும் இல்லை. படுக்கையறையின் மூன்று தாழ்ப்பாளும் போட்டிருந்தன. அவள்தான் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் கதவை விட்டு எட்ட இருந்த மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

தையல்காரி பிறகு என் தோழியிடம் சொன்னது இது: "நாங்க மேலே தட்டிட்டு இருந்தோம் அண்ணி... கீழே, எங்க ரெண்டு பேர் காலுக்கும் நடுவுல... யாரோ எங்களோட சேர்ந்து சுரண்டிட்டு இருந்தாங்க."

அன்றைக்கே கிளம்பிவிட்டாள். இப்போது வேறு ஊரில் வாடகை வீடு. படுக்கையறைக்குக் கதவே கிடையாது, திரைதான். பின்னாலேயே பழசும் அவளிடம் வந்து சேர்ந்தான். ஆனால் போகிற வழியில் அந்தக் கதவை அதே கடையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு பழைய மின்விசிறி வாங்கிக்கொண்டுதான் போனான். அந்த மின்விசிறி ஓடாமல் போக, சண்டை போடத் திரும்ப வந்தபோது, கதவைக் காணோம்.

"அதுவா? ஒரு அம்மா எடுத்துட்டுப் போனாங்க" என்றான் கடைக்காரன். "மகனுக்குக் கல்யாணமாம். வரப்போற மருமகளுக்கு ரூம் தயார் பண்றாங்களாம். பேரம்கூடப் பேசலை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு மட்டும்தான் கேட்டாங்க. கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பாக்கக் குனிஞ்சாங்க... பாவம், வயசாயிடுச்சு. முட்டி படக்குன்னு சொடுக்குச்சு."

இந்நேரம் அந்தக் கல்யாணம் முடிந்திருக்கும்.