கிரீடத்தின் உள்விளிம்பு

மார்கழி மாதம். விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். ஆவூருக்குக் கிழக்கே, கீழப்பட்டிக்கும் மேலப்பட்டிக்கும் நடுவில் போகிற செம்மண் சாலை. ஆள் நடமாட்டம் கிடையாது. சாலையோரத்தில் ஒரு மாதா கோயில்... உள்ளே ஒற்றை விளக்கு. விளக்கடியில் மூக்குக்கண்ணாடியோடு சூசைராஜ் வாத்தியார். நம்ம ஊர் மைக்கேல்சாமிக்குச் சொந்த மச்சான். நடந்தது 1957இல். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

வாத்தியார் கையில் மாதா சொரூபத்தின் வெள்ளிக் கிரீடம். அது எங்களுடையது என்று இரண்டு ஊரும் சொன்னது. போன திருவிழாவில் ஒருவனுக்குக் கை ஒடிந்தது. இந்தத் தடவை அரிவாள் வரும் என்று பேச்சு. பழைய வெள்ளியில் முத்திரை பார்த்து, செய்தவர் யாரென்று சொல்வதில் வாத்தியார் கெட்டிக்காரர். அந்தக் காலத்தில் வெள்ளி வேலை செய்த கீழப்பட்டிப் பத்தர் தன் வேலையில் கிளி முத்திரை அடிப்பார். மேலப்பட்டிப் பத்தர் சங்கு. எந்த முத்திரையோ, அந்த ஊருக்குக் கிரீடம். காலைப் பூசைக்கு முன் சொல்லியாக வேண்டும். யாரும் உள்ளே போய் அவரைக் கலைத்துவிடக் கூடாதென்று, கதவுக்கு வெளியே ஊருக்கொரு பூட்டு.

முத்திரை உள்விளிம்பில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களும் வருஷா வருஷம் போட்டி போட்டுக்கொண்டு புளியும் சாம்பலுமாகத் தேய்த்து, அந்த இடத்தை வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

பூதக்கண்ணாடி வைத்தார். இல்லை. விளக்குக் கரியைத் தடவி ஈரக் காகிதத்தை அழுத்தினார். ஏழு காகிதம்... ஏழிலும் வெறும் கறுப்பு. கடைசியில் வாயை வைத்து ஊதினார். குளிர்ந்த வெள்ளியில் ஆவி படிந்ததும் ஒரு வளைந்த கோடு தெரிந்தது. கிளி மூக்கா, சங்கின் வாயா? பென்சிலை எடுப்பதற்குள் மறைந்தது. ஊதினார். மறைந்தது. ஊதினார்... நாற்பது தடவை இருக்கும். தலை சுற்றியது.

"சனியனே... யாராச்சும் ஊதித் தொலைங்களேன், நான் வரையிறேன்" என்றார்.

ஆவி படிந்தது.

அவர் வாய் மூடியிருந்தது. ஆவி கலையவில்லை... அப்படியே நின்றது. பத்தர் பட்டறையில் வருகிற உமிக்கரி வாசம். ஹா... என்று காதோரம் ஒரு சத்தம். வாத்தியாருக்கு வரைகிற அவசரம். மூக்கு, கழுத்து, வால். கிளி. வரைந்து முடித்த பிறகுதான் திரும்பினார். யாரும் இல்லை. ஊதியது ஒரு தடவைகூட மூச்சை உள்ளே இழுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிந்து, பூட்டுகளைத் திறந்தார்கள். வாத்தியார் படத்தைக் காட்டினார். மேலப்பட்டிப் பெரியவர் சந்தனசாமி கிரீடத்தை வாங்கி ஊதிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பத்துப் பேர் ஊதினார்கள். ஒன்றுமே இல்லை.

"வாத்தியாரே, ஒங்க பொண்டாட்டி கீழப்பட்டிதானே? கிளி நல்லாத்தான் வரும்" என்றார் சந்தனசாமி.

சிரித்தார்கள். பின்னால் ஒருவன் கம்பைத் தரையில் தட்டினான்.

உண்மையைச் சொல்லிப் பொய்யன் பட்டம். வாத்தியார் கிரீடத்தை வாங்கி, எல்லோருக்கும் தெரியும்படி வெயிலில் கை நீட்டிப் பிடித்தார்.

"எனக்கு ஊதினவங்க இங்கிட்டு இருந்தா, இன்னொருக்கா ஊதுங்க."

அத்தனை கண்ணும் கிரீடத்தின் மேல். அது பளபளவென்றே இருந்தது. கம்புச் சத்தம் மட்டும் கேட்டது... பிறகு அதுவும் நின்றது.

சந்தனசாமிதான் முதலில் பார்த்தார். வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி மங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வில்லையும்... வெளிப்பக்கமாக.