எலி தேடுற தெரு

எலியா இருந்தா இந்நேரம் காஞ்சு கருவாடாயிருக்கும் தங்கச்சி. அதான் நானும் சொல்றேன். வெயிலு இப்புடிக் கொளுத்துது, எந்த எலி இத்தன நாளு வாடை அடிக்கும்? ஆனா இந்தத் தெருவுல சொன்னா யாரு கேக்குறா. எலின்னு ஒருத்தரு சொன்னாப் போதும், ஆளாளுக்கு வெளக்கமாத்தத் தூக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. உள்ள வா. வாயும் வயிறுமா இருக்கறவ படியில நிக்காத. கிண்ணத்த அப்புடி வெய்யி. கழுவியா கொண்டாந்தே... அது எதுக்கு, நான் கழுவிக்க மாட்டனா.

நாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வூட்டக் காலி பண்ண வண்டி பூட்டச் சொல்லிட்டாராமே உன் வூட்டு வாத்தியாரு. எனக்கு எப்புடித் தெரியும்னு பாக்காத. வண்டிக்காரப் பாவாடை தவுடு வாங்க வந்தவன் சொல்லிட்டுப் போறான். ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு, நீ சொல்லல. சரி, சொல்லத்தான் வந்தியோ என்னமோ. கண்ணு ஏன் கலங்குது? வாந்தியா? காலையிலேருந்தா? கொஞ்சம் தண்ணி குடி.

என் ராசி அப்புடி. உன் வூட்டுல யாரு குடி வந்தாலும் நெலைக்கிறதில்ல. முன்னாடி ஒரு கம்பவுண்டரு இருந்தாரு. நல்ல மனுசன், மருந்து வாடையில பொழங்குறவரு, அவருக்கே தாங்கலன்னு போயிட்டாரு. அப்புறம் தபால்காரரு. அவரு பொஞ்சாதி எங்கிட்ட ரங்கூனப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பா. கப்பலு எம்மாம் பெருசு, அங்க பொம்பளைங்க கடை வெச்சு யாவாரம் பண்றது நெசமான்னு. அவளும் போயிட்டா. நீ வந்தப்ப நெனச்சேன், இவளாவது இருப்பான்னு. திருச்சியில படிச்ச பொண்ணு, எம்பேரச் சொல்லிக் கூப்புட்டியே, மதலேனக்கான்னு. இந்த வரதராசன்பேட்டையில யாரு கூப்புடுறா அப்புடி. பர்மாக்காரி. அம்புட்டுதான். பாலு ஊத்துறவன்லேருந்து பங்குச் சாமியாரு வரைக்கும் பர்மாக்காரிதான்.

பேரு வெச்சது யாருங்கறே? இந்தாண்டப் பக்கத்து வூட்டு கோயில்புள்ளதான். காலையில கோயில் மணி அடிக்கிறாரே, அந்த மரிய செல்வம். நான் வந்து எறங்குன அன்னிக்கே, வண்டியிலேருந்து காலு கீழ படல, எங்க மாமியாகிட்ட, "பர்மாவுல பாம்பு திம்பாங்களாமே, மருமவகிட்ட எதுக்கும் பாத்து சோறு வாங்கிச் சாப்புடு"ங்கறாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா எங்க மாமியா ஒரு மாசம் நான் முதல்ல தின்னாத்தான் அவங்க திம்பாங்க.

சொந்த ஊருக்கு வந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. யாருக்குச் சொந்த ஊரு? நான் பொறந்தது ரங்கூன். ஞானஸ்நானம் ரங்கூன், கல்யாணம் ரங்கூன். எங்க வூட்டுக்காரருக்குத்தான் இது ஊரு. அவரு அங்க அரிசி மில்லுல கணக்கு எழுத வந்தவரு. சப்பான்காரன் குண்டு போட்டான் பாரு, அந்தக் கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாளு முன்ன, அதோட எல்லாம் போச்சு. கையில எடுத்துக்கிட்டு கப்பலுக்கு வான்னாரு. எத எடுப்பே? நானும் தெகச்சுப் போயி நிக்கிறேன். அப்பத்தான் பக்கத்து வூட்டு மா கின் வந்தா. பர்மாப் பொம்பள. அவளுக்குத் தமிழு அரகொற, எனக்கு பர்மா பாஷை முழுசா வரும், இருந்தாலும் அவ தமிழுலதான் பேசுவா, எனக்கு மரியாத பண்றாளாம். ஒரு சாடியத் தூக்கிட்டு வந்து மடியில வெச்சா.

என்ன சாடின்னா... மருந்துன்னு வெச்சுக்கயேன்.

நான் அவ கையப் புடிச்சுக்கிட்டு, "போயிட்டு வரேன்"னேன். நம்ம சனங்க போறேன்னா சொல்லுவோம். நாக்குல வராதே. அவ அத அப்புடியே எடுத்துக்கிட்டா. "சரி, வரும்போது சாடி கொண்டா. காலி சாடி"ன்னா. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

கப்பல்ல பாத்தியா, மேல்தட்டுல சனம் நெல்லு மூட்ட மாதிரி கெடக்குது. உக்காந்தவ எந்திரிச்சா எடம் போயிரும். நான் மட்டும் மெட்ராசு வர்ற வரைக்கும் காலை நீட்டிப் படுத்துட்டு வந்தேன். என்னையும் சாடியையும் சுத்தி ஒரு பாயி எடம் காலியா கெடந்துச்சு. ஒருத்தரும் கிட்ட வரல. எங்க வூட்டுக்காரரே தள்ளிப் போயி யாரோ செட்டியாரு கால்மாட்டுல படுத்துக்கிட்டாரு. ஹார்பர்ல சோதனைக்காரன் வந்தான், சாடியத் தொறன்னான். துணிய அவுத்தேன். போ போ போன்னுட்டான். மத்தவங்க பொட்டியெல்லாம் கொட்டிக் கவுத்துப் பாத்தான், நாங்க முதல்ல வெளிய வந்தோம்.

ஏன் அப்புடிப் பாக்குற? சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்.

அது கெடக்கட்டும், இந்த வாடைக் கதைக்கு வரேன். போன வருசம் முதல்ல கெளம்புனது எங்க மாமியாதான். எலி, எலின்னு கூரை ஓடெல்லாம் பிரிச்சுப் போடச் சொன்னாங்க. ரெண்டு கூடு அணில்தான் இருந்துச்சு. அப்புறம் சாக்கடையத் தோண்டுனாங்க. அப்புறம் கோயில்புள்ள சொன்னாரு, கெணத்துல ஏதோ வுழுந்திருக்குன்னு. ஊரே கூடி எறைச்சாங்க. உள்ளேருந்து பித்தளச் சொம்பு ஒண்ணு வந்துச்சு. அது கொளஞ்சியோட சொம்பு, நாத்தனாதான் எடுத்துட்டான்னு அவ பேச்சு வார்த்தைய நிறுத்தியிருந்தா. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாப் பூசைக்குப் போறாங்க. நல்லதுதானே. கடைசியில சாமியாரு வந்து தீர்த்தம் தெளிச்சாரு. தெருக்கோடியிலேருந்து தெளிச்சுக்கிட்டே வந்தாரு, எங்க கொல்லப் பக்கம் வந்ததும் கொஞ்சம் வேகமா தெளிச்சுட்டுப் போயிட்டாரு.

ஒரு நாளு பூரா எலி தேடிட்டு எங்க மாமியா களைச்சுப் போயி வந்து உக்காந்தாங்க. வெறும் கஞ்சிதான் இருந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் தொவையல் வெச்சேன். தொட்டு நக்குனாங்க, இன்னும் கொஞ்சம் வெய்யின்னாங்க. "என்ன தொவையலுடி இது"ங்கறாங்க. ரங்கூன் தொவையல் அத்தைன்னேன். அன்னிலேருந்து அது இல்லாம கஞ்சி எறங்காது. தவசுகாலத்துல மட்டும் யோசிச்சாங்க, இதுல கவுச்சி எதும் உண்டான்னு. உப்பும் மொளகாயும் பூண்டும்னேன். அது பொய்யில்ல. அதுவும்தான் இருக்கு.

நீ சாப்புட்டியே, நல்லாருந்துச்சா? சோத்தப் பாத்தா வாந்தி, ரசத்தப் பாத்தா வாந்தி, இந்தத் தொவையல் மட்டும்தான் நிக்குதுன்னு சொன்னப்ப எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமா. செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து அழுதேன். வாத்தியாரும் கிண்ணத்த வழிச்சாராமே. வழிச்சுப்புட்டு வெளிய வந்து துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு, "இந்த வாடையில மனுசன் இருப்பானா"ன்னு கேட்டாரு பாரு, எனக்குக் கேட்டுச்சு.

இப்ப அங்க போயி என்ன சாப்புடுவே? உங்கம்மா வூட்டுலயும் ரசம்தானே. ஆங்? அதுக்குத்தான் வந்தியா. செய்முற கேக்கவா? எழுதிட்டுப் போறியா?

ம்.

எழுதெல்லாம் வேணாம். வா, காட்டுறேன். அப்புடியே கொல்லப் பக்கம். மெதுவா வா, முருங்கக் குச்சி கெடக்கு. இந்தா, இதான் சாடி. மா கின் குடுத்த சாடியேதான். மருந்துன்னு சொல்லி வெச்சிருக்கேன், யாரும் தொறக்கறதில்ல. உங்க அடுப்பங்கரைக்கு நேரா இந்தச் செவுத்தோரம் வெச்சிருக்கேன், இங்கதான் வெயிலு நல்லா வுழும். அவ குடுத்தது வந்த வருசமே தீரப் பாத்துச்சு. காலியானா திருப்பிக் குடுக்கணும்ல. கப்பலு எங்க, நான் எங்க, அவ இருக்காளோ இல்லையோ. அதனால அடியில கொஞ்சம் இருக்கும்போதே செயங்கொண்டம் சந்தையில கூனி எறா வாங்கியாந்து, உப்புப் போட்டு இடிச்சு, மேல அமுக்கிடுவேன். காலியாகவே வுடுறதில்ல. இத அங்க ஙப்பின்னு சொல்லுவாங்க. கொஞ்சம் எடுத்து வாழையெலயில சுத்திச் சுட்டு, மொளகாய் பூண்டு வெச்சு அரைச்சா, நீ தின்ன தொவையல்.

துணிய அவுக்குறேன். மூக்கப் பொத்திக்க.

...ஆமாம். இதான் எலி.

திட்டுறதுன்னா திட்டிக்க. கம்பவுண்டரு போனது இதாலதான், தபால்காரரு போனதும் இதாலதான். கெணறு எறைச்சப்ப கயிறு புடிச்சவளும் நான்தான். தூக்கிக் கொட்டிருவோம்னு எத்தனையோ தடவ வந்து நின்னேன். முடியல தங்கச்சி. இந்த ஊருல எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அப்புறம் நீ வந்தே. இப்ப நீயும் நாயித்துக்கெழம வாசல்ல வந்து போயிட்டு வரேன்னு நிக்கப் போற. அந்த வார்த்தைய நான் ஒருத்திக்குச் சொல்லிட்டு வந்ததே போதும்.

சரி, போ. வாடை தாங்கலல்ல, ஓடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

எங்க போற... வாசல் அந்தப் பக்கமில்ல. அட, கிண்ணத்த எடுக்கவா?

...

நீட்டு. இன்னும் கிட்ட நீட்டு. பச்சையாத் திங்கக் கூடாது, சுட்டு அரைச்சுத் தரேன். சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வருது, மாமியா எந்திரிச்சுடுவாங்க.

இங்க பாரு, வாத்தியாருகிட்ட எலிய எடுத்துப் போட்டாச்சுன்னு சொல்லிடு. பரணுல கெடந்துச்சு, பெருச்சாளின்னு சொல்லு. நாளைக்கே உங்க பக்கம் வாடை நின்னுரும். வண்டிக்கும் பாவாடைகிட்ட நானே வேணாம்னுடுறேன்.

கொட்ட மாட்டேன். அந்தக் காதப் புடி, சாடி கனக்கும்... இல்ல, நீ வுடு, புள்ளத்தாச்சி, நான் மட்டும் தூக்கிக்கிறேன். அந்தப் பக்கத்துச் செவுத்துலயும் வெயிலு நல்லாத்தான் வுழுது.

ஆமாம், கோயில்புள்ள வூடுதான். அவரு போனாப் போறாரு, நீ இரு.