பாதுகாப்பான இடத்துக்கு அறுபது மூட்டை

நான் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுகிறவன், சார். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்படி ஓட்டப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

பகலில் பெரிய லாரி வண்ணாரப்பேட்டைச் சந்துகளுக்குள் போக முடியாது. துறைமுகத்திலிருந்து வரும் பருப்பு மூட்டைகளை வழியில் என் சின்ன லாரிக்கு மாற்றி, அய்யாத்துரை அண்ணாச்சியின் குடோனில் இறக்குவது என் தொழில். அதிக பாரம் ஏற்றி மூன்று முறை பிடிபட்டதில் என் சரக்கு பர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தை வாங்கிப் படித்தேன். பழுதாகி நிற்கும் வண்டியிலிருந்து சரக்கைப் பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துப்போகும் வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. நான் எழுதியதல்ல.

ஆக, பெரிய லாரி பழுதாக வேண்டியிருந்தது. அதன் டிரைவர் கோதண்டம் திருவொற்றியூர்க்காரர், நல்ல மனிதர். வாரம் ஒரு முறை கடலோரக் கற்களை ஒட்டி லாரியை ஓரங்கட்டி, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைப்பார். கொஞ்ச நாள் அது போதுமானதாக இருந்தது. பிறகு சோதனை அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. அதற்கப்புறம் ஒரு சக்கரத்தையும் கழற்றி வைத்தோம். இந்த வேலையை நிறுத்த முடிந்திருந்தால் நிறுத்தியிருப்போம்.

அன்று பகல் பதினொரு மணி. கழற்றும்போது ஒரு நட்டு உருண்டு போனது. அதை எடுக்கக் கோதண்டம் லாரிக்கு அடியில் ஊர்ந்தார். மணலில் ஜாக்கி சரிந்தது. லாரி அவர் இடுப்பின்மேல் உட்கார்ந்தது.

"ராஜண்ணா, காலு கீதா இல்லியான்னே தெர்ல. யாரையாச்சும் கூப்டுணா."

கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள், பின்னாலேயே போலீஸ் வரும். நல்ல சக்கரத்தை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பார்கள். "பாரம் குறைஞ்சா லாரி லேசாகும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை மாற்ற ஆரம்பித்தேன்.

இருபது மூட்டை ஏற்றியிருப்பேன், அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. நான் குனிந்து, "சத்தம் போடாதீங்க. மாட்டினா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்" என்றேன். அவருக்கும் அது தெரியும். லைசென்ஸ் போனால் அவர் மகள் சௌமியாவின் படிப்பு நின்றுவிடும். சட்டைக் காலரைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. கழற்றிய சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா, இன்னிக்கு நெஜமாவே பிரேக்டவுனா?"

"ஆமா சார்."

"ஓரமா நின்னு ஏத்து."

ஜீப் நகர்ந்ததும், "பூட்டாரா?" என்று கோதண்டம் கீழிருந்து கேட்டார். போய்விட்டார் என்றேன்.

"அப்போ தூக்குணா."

இன்னும் நாற்பது மூட்டை இருந்தது. ஏற்றினேன். அவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். கண்டெய்னர் இரைச்சலில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது. கடைசிப் பத்து மூட்டைக்கு அவர் பேசவில்லை.

குடோனில் சரக்கை இறக்கிய பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். செய்யாமல் இருக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். லாரியில் பல கடைகளின் சரக்கு, மொத்தம் முந்நூறு மூட்டை. அண்ணாச்சியின் அறுபதை இறக்கினால் லாரி லேசாகிவிடாது என்று எனக்குத் தெரியும். என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இன்னொரு ஜாக்கி இருந்தது. நடுவில் தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தபோது அதைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தேன், கதவைச் சாத்தினேன். கோதண்டத்தைச் சாகவிட்டது நான்தான்.

ஆனால் பர்மிட் இல்லாமல் சரக்கு ஏற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அன்று அந்த லாரி உண்மையாகவே பழுதாகித்தான் நின்றது.