எச்சில் பட்ட நரம்பு

ஃப்ளை ராட் என்கிற வீச்சுத் தூண்டில்கோலைப் பழக வருகிற புது ஆட்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள், மேடம். பலத்தைக் காட்டுவார்கள். பாம்பை அடிக்கப் போவதுபோலக் கோலை விசிறுவார்கள். கயிறு தலைக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமை வருவதற்குள் என் பிராணன் போய்விடும்.

என் பெயர் ஜாபஸ். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், முத்தாபுதுப்பேட்டை தாண்டி இருக்கிற ஏரியில் இந்த வகுப்பு. மண்புழு, கோழிக்குடல் எதுவும் என் வகுப்பில் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவோம். சுத்தமான விளையாட்டு. பிடித்த மீனைக்கூடக் கையை நனைத்துக்கொண்டுதான் தொடுவேன், அதன் தோல் உரியக் கூடாதே என்று. அப்புறம் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். ஒரு உயிரை நோகடிக்கிற சுபாவம் எனக்கு இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மணவாளன் மழைக்காலம் முடிந்ததும் வகுப்பில் வந்து சேர்ந்தார். கள்ளிக்குப்பத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. வரும்போதே மனைவி லோகநாயகியையும் ஒரு தூக்கு வடகறியையும் கூட்டிவருவார். சாப்பிடும்போது வாயை மூட மாட்டார். பேசப் பேசப் பருப்புத் துணுக்கு எதிரில் நிற்பவன் சட்டையில் தெறிக்கும். தொண்டையைக் காறி ஏரியில் துப்புவார். நான் நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

"துண்ணு மாஸ்டர், எம் பொண்டாட்டி கைப்பக்குவம்" என்று ஒருநாள் பாதி கடித்த இட்லியை என் வாயில் ஊட்டிவிட்டார். அன்பாகத்தான். நான் புதர்ப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்துவிட்டது.

முள்ளை நைலான் நரம்பில் கட்டி, முடிச்சை இறுக்கும்போது ஈரம் வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி நைந்துபோகும். ஏரித் தண்ணீரில் நனையுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். மணவாளன் வாயில் வைத்துச் சப்புவார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எச்சிதான் மாஸ்டர் நல்லா வழுக்கும்" என்பார். அதில் உண்மை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நன்றாக வீசப் பழகியவருக்கு என் சொந்த ராடைக் கொடுத்துத் தண்ணீரில் இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு அவர் முறை. "இத்த புட்சி பாக்கணும்னுதான் மாஸ்டர் இத்தினி நாளு வந்துகினு கீறேன்" என்று குழந்தை மாதிரி சிரித்தார். ராடை வாங்கிய உடனே நரம்பை வாயில் வைத்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல்லால் கடித்து இழுத்தார். வெளியே எடுத்தபோது முடிச்சுக்கும் உதட்டுக்கும் நடுவில் எச்சில் கோடாக நீண்டு, அறுந்து, என் ராடின் பிடியில் விழுந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். கோபமெல்லாம் இல்லை, மேடம். சீ என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீரில் இறங்க, மார்புவரை வருகிற ரப்பர் கால்சட்டை ஒன்று உண்டு. அதை மாட்டியதும் இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்க வேண்டும். தவறி விழுந்தாலும் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் அது தடுக்கும். எல்லோருக்கும் நானே இறுக்கிவிடுவேன். அன்றைக்கு பெல்ட் என் பையிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

"நமக்கு நீச்சலு வராது மாஸ்டர். ஆயம் இல்லியே?" என்று கேட்டார்.

"இடுப்பளவுதான். தைரியமா போங்க" என்றேன்.

அந்த இடத்தில் கோடையில் ஜேசிபி வைத்துச் சவுடு மண் அள்ளியிருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர், ஒரே எட்டில் ஆள் மூழ்குகிற பள்ளம். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் தூரத்தில் புல்தரையில் வீசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கமிருந்து லோகநாயகியம்மா, "யோவ், போதும் வாய்யா, இட்லி ஆறிப்பூடும்" என்று கத்தினார்.

"இரு நாயகி, ஒரே ஒரு வாட்டி" என்றார் அவர்.

"பின்னாடி கருவேல மரத்துல கயிறு மாட்டும். இன்னும் ரெண்டு எட்டு முன்னால போங்க" என்றேன். ஆசிரியர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத ஆள். போனார்.

அவர் பள்ளத்தில் போனபோது சத்தமே பெரிதாக இல்லை. நான் பள்ளத்தின் விளிம்புவரை போய் ராடை எடுத்துக்கொண்டேன். கரைக்கு வந்திருந்த லோகநாயகியம்மா அங்கிருந்து பார்த்தது, நான் குனிந்து அவர் கையைப் பிடித்திருந்ததைத்தான். மாஸ்டர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தார் என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறார். நேற்று வீட்டுக்கே வந்து, "நீ எங்கூடப் பொறக்காத அண்ணன்யா" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். கண்ணீரும் சளியும் முழங்கைவரை வழிந்தது. இப்படி ஒரு பொய்ப் பெயர் எனக்கு வேண்டாம். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

நடந்தது இதுதான். அவர் ஒரு தடவை மேலே வந்தார். வாயிலும் மூக்கிலும் சேறு நுரைத்தது. என் முழங்காலில் பேன்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வெறுங்கையால் தொட எனக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். மெதுவாகத்தான் பிரித்தேன், மேடம், அவருக்கு வலிக்கக் கூடாதே என்று.