ஜி பிளாக்கின் நாலு ஹார்ட் டிஸ்க்

...நம்ம சங்க விழாவுல என்னை நன்றியுரைக்குத்தான் கூப்பிட்டாங்க. நன்றி. முடிஞ்சுது. மீதி நேரத்துக்கு ஒரு கதை வெச்சிருக்கேன்... குட்டிதான். வேணாம்னாலும் சொல்லுவேன், ஏன்னா மைக் என் கையில இருக்கு.

சாதிக் அண்ணனைத் தெரியும்ல? அதோ, கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு 'என்னை இழுக்காதடா'ன்னு கையாட்டறாரே, அவரேதான். பழைய ஹவுசிங் போர்டுல ஜி பிளாக்குக்குக் கீழ ஸ்டூடியோ வெச்சிருந்தார். பிளாக்கை இடிச்சாங்க. இந்தப் பதினாலு மாடியைக் கட்டினாங்க. நாம திரும்பி வந்தோம், அவரும் வந்தார், கூடவே அவரோட சர்வரும் வந்துச்சு. சர்வர்னா சாம்பார் ஊத்தறவர் இல்ல லோகு மாமா, பெரிய கம்ப்யூட்டர்! அதுக்குள்ள நாலு ஹார்ட் டிஸ்க். அந்த நாலுக்குள்ள யாரு?

நாமதான்! நம்ம பொங்கல் விளையாட்டு, மொட்டைமாடிக் கல்யாணம், தண்ணி லாரிச் சண்டை... எல்லாம் அதுலதான். வேற எங்கயும் ஒரு காப்பி கிடையாது.

போன மாசம் ஜெசிந்தா ஆன்ட்டி ஸ்டூடியோவுக்குப் போனாங்க. "தம்பி, எங்க வீட்டுக்காரர் மைக்ல பேசினது இருக்குல்ல? விழாவுல போடணும், எடுத்துக் குடு."

அருளப்பன் அங்கிளை மறக்க முடியுமா? நம்ம விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் அவர்தான் அறிவிப்பாளர். சாக்கு ஓட்டத்துக்கு நடுவுல, "ஜெசிந்தா, அடுப்பை அணைச்சியா?"ன்னு மைக்லயே கேப்பார். மொத்தக் காலனியும் "அணைச்சாச்சு!"ன்னு கத்தும். பிளாக் போறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார். குரல்... அந்த டிஸ்க்ல மட்டும்தான்.

சாதிக் அண்ணன் சர்வரைப் போட்டார். அந்த வாரம்தான், மெதுவா ஓடுதுன்னு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துட்டுப் புதுசு போட்டிருந்தார். ஸ்கிரீன் பளபளன்னு வந்துச்சு. டிஸ்க்? ஒண்ணுகூட இல்ல!

அண்ணன் பின்னாடி போய் ஒயரை ஆட்டறார். "அக்கா, தெரியுதா?"

"தெரியல தம்பி!"

"இப்ப?"

"இப்பவும் தெரியல!"

சத்தம் கேட்டு நாலு பேர் உள்ள வந்தாங்க. லோகு மாமா பழைய டிவியைத் தட்டற மாதிரி சர்வர் விலாவுல ஒண்ணு வெச்சார். ம்ஹூம். ஆனா ஒண்ணு கவனிங்க... முன்னாடி நாலு பச்சை லைட்டும் மினுக் மினுக்குன்னு எரியுது. டிஸ்க் ஓடுது! புது சிஸ்டம் மட்டும், 'அப்படி யாரும் இங்க இல்லீங்க'ன்னு சாதிக்குது.

லோகு மாமா விடுவாரா? "சாதிக்கு, ஆன் ஆகும்போது ஒரு மெனு வரும். அதுல 'புதுசா ஆரம்பி'ன்னு குடு. நாலும் பளிச்சுன்னு தெரியும், நான் நெட்ல பார்த்தேன்!"

அண்ணன் மெனுவுக்குள்ள போயிட்டார். விரல் பட்டன் மேல...

"தெரியுமா தம்பி?" ஆன்ட்டி கேட்டாங்க.

"தெரியும்க்கா."

"அவர் குரல்?"

அண்ணன் விரல் நின்னுடுச்சு. "...டிஸ்க் தெரியும்க்கா. காலியாத் தெரியும்."

"கையை எடுடா!"

தம்பி 'டா' ஆயிட்டார். "போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுதுக்கா."

"டிஸ்க்கையா மாத்தின?"

"இல்ல, சிஸ்டத்தை..."

"அப்ப டிஸ்க்கை ஏன்டா போட்டு உலுக்கறீங்க?"

அண்ணனுக்கு உறைச்சுது. பழைய சிஸ்டத்தைத் தற்காலிகமா மாட்டிப் பார்த்தார். நாலு டிஸ்க்கும் சமர்த்தா வந்து உக்காந்துடுச்சு! விஷயம் என்னன்னா, டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு பழைய கார்டு இருக்கு. அது பேசறது புரியணும்னா ஒரு குட்டி புரோகிராம் வேணும், அதுக்குப் பேர் டிரைவர். 'இந்தக் கிழட்டுக் கார்டை இப்ப யாரு வெச்சிருக்கா'ன்னு புது சிஸ்டத்தைச் செஞ்சவங்க அந்த டிரைவரைத் தூக்கிட்டாங்க. அண்ணன் தேடிப் பிடிச்சு அந்த டிரைவரைப் புதுசுல போட்டார். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!

முதல்ல திறந்த வீடியோவுலயே அங்கிள் குரல்: "ஜி பிளாக் மூணாவது மாடி ஜெசிந்தா... சாவியைத் தேடாத. என்கிட்டதான் இருக்கு."

ஆன்ட்டி ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னாங்க, "படுபாவி... அன்னைக்கு எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா?" சொல்லிட்டுச் சிரிச்சாங்க. லோகு மாமாதான் அழுதார். காப்பி இப்ப ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆன்ட்டி வீட்டு அரிசி டப்பாவுல.

இப்ப உங்களைக் கேக்கறேன். ஜி பிளாக்குல மாடி ஏறினா மூச்சு வாங்கும்... ஆனா படிக்குப் படி பேசினோம். இங்க லிஃப்ட்ல மூச்சுகூட விட மாட்டேங்கறோமே, ஏன்? அங்க நான் பெல்லடிச்சிட்டு ஓடினா மூணு வீட்டு விளக்கமாறு துரத்தும். இங்க அடிச்சா... கேமராவுல பார்த்து குரூப்ல போட்டோ போடறீங்க! துரத்த ஆளில்லாம ஓடறது எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா?

நமக்கு ஒண்ணும் ஆகல. லைட் எரியுது, உள்ள எல்லாம் ஓடுது. கட்டடம்தான் புதுசு, அதுக்கு நம்மளை அறிமுகப்படுத்த ஆளில்ல. அந்த வேலையை நாமதான் செய்யணும். லிஃப்ட்ல பக்கத்துல நிக்கறவங்ககிட்ட, 'நீங்க எந்த பிளாக்குல இருந்தீங்க?'ன்னு ஒரு வார்த்தை... அவ்வளவுதான் டிரைவர்! அதை விட்டுட்டு, 'பழசெல்லாம் எதுக்கு, புதுசா ஆரம்பிப்போம்'னு மட்டும் பட்டனை அழுத்திடாதீங்க. தெரிவோம்... காலியாத் தெரிவோம்.

சாதிக் அண்ணே, போடுங்க. நான் உக்காந்துக்கறேன். மைக் இப்ப அருளப்பன் அங்கிள்கிட்ட.