கைக்கு மேல

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி படிவத்தில் உள்ளபடி. வயது 51. தொழில் நில அளவையாளர். பத்தொன்பது வருடமாகக் கால்பந்து ஆட்டங்களில் துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடிக்கிறேன். எனக்குப் பின்னால் தேர்வு எழுதியவர்கள் இன்று நடுவில் நின்று விசில் ஊதுகிறார்கள். அது வழக்குக்குத் தேவையில்லை என்று காவல் ஆய்வாளர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

கடந்த ஞாயிறு மாலை, ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, கோலுக்கு முன்னால் பெனால்ட்டி எல்லைக்குள் பந்து ஒரு தடுப்பாட்டக்காரர் மேல் பட்டது. நடுவரின் பார்வையை வேறொருவர் மறைத்துவிட்டதால், காதில் மாட்டியிருந்த கருவி வழியாக "எங்க பட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார். அக்குளின் அடிக்கோட்டுக்குக் கீழே பட்டால் கை. அதற்கு மேலே தோள், குற்றமில்லை. பல சமயம் பந்து சட்டைக்கையின் பாதியில் வந்து மோதும், யாராலும் அளக்க முடியாது. அன்று அப்படியில்லை, தோளில்தான் பட்டது. "கைக்கு மேல" என்றேன். கூட்டத்தின் கூச்சலில் அவர் காதில் "கை மேல" என்று விழுந்திருக்கிறது. பெனால்ட்டி கொடுத்தார். தவறாகக் கேட்டிருக்கிறார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

அதன்பின் தடுப்பாட்டக்காரர் என்னிடம் ஓடிவந்து, "சார், நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க சார். தோத்தா கிளப்ல என்னைய வச்சுக்க மாட்டாங்க" என்றார். "போய் ஆடுப்பா" என்றேன். பெனால்ட்டி கோலாகி, அந்த ஒரு கோலில் அவர் அணி தோற்றது.

அதன்பின் உடைமாற்றும் அறை வாசலில் அவர் நடுவரிடம், "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்க, நடுவர் சிரித்து, "அடுத்த தடவ கைய வீட்லயே கழட்டி வச்சிட்டு வா" என்று சொல்ல, அவர் தள்ளியதில் நடுவர் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் தள்ளியதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் "கை மேல" என்று சொன்னதாக நடுவர் கொடுத்திருக்கும் புகார் தவறு.

பெனால்ட்டி அடிக்கும்வரை முடிவை மாற்றலாம் என்பது விதி. பந்தை வைத்து அடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் ஏன் திருத்தவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். போன மாதம் ஒரு ஆஃப்சைடைத் திருத்தப் போனபோது இதே நடுவர் அத்தனை பேர் முன்னிலையில், "கேட்டா மட்டும் பேசுங்க பெருசு" என்றார். ஞாயிறன்று அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

தடுப்பாட்டக்காரர் நிலையத்தின் உள்ளறையில் இருப்பதாகச் சொல்லி, பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

யாரும் வற்புறுத்தாமல் நானே சொல்லி, படிக்கக் கேட்டு, உண்மையென்று ஒப்புக்கொண்டது.

(ஒப்பம்)